கதவுக்குப் பின்னால் விழும் அடி

என் கை முதலில் போனதா, கண் முதலில் பார்த்ததா? ஆயுத பூஜை கழிந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நான் நாடகங்களுக்கு ஒலி அமைப்பவள். மேடையில் மழை பெய்ய வேண்டும், பஸ் பிரேக் போட வேண்டும், கூட்டம் இரைய வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். மயிலாப்பூரில் இரண்டு அறை வீடு. கணவருக்குத் தரமணியில் வேலை. மகளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. அவள் பள்ளியில் இருக்கும் மூன்று மணி நேரம்தான் என் வேலை நேரம். அதற்குள் சமையலையும் முடித்துவிட வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

இந்த முறை வந்த நாடகத்தில் ஒரு பெண் அடி வாங்குகிறாள். மேடையில் அவளைக் காட்டுவதில்லை. முன்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் பதினோரு அடி விழுகிறது. இயக்குநர் கல்லூரியில் எனக்கு மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "பதினோரு அடியும் வேற வேறயா இருக்கணும்டி. முதல் அடியிலயே ஆடியன்ஸ் சாப்பாட்ட மறந்துரணும்" என்றார்.

முதலில் லேப்டாப்பில் தேடினேன். ஆயத்தமாக நூற்றுக்கணக்கான அடிகள் கிடைக்கின்றன: குத்து, அறை, உதை, எலும்பு முறிவு. பதினொன்றைக் கோத்து அனுப்பினேன். அக்கா உடனே போன் செய்தார்.

"இன்னாடி இது, ஹீரோ இன்ட்ரோவா? வில்லன் பறந்து போய் கண்ணாடி மேல விழுவான் போல இருக்கே."

சரி, நானே பதிவு செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஒரு வாரம் வீட்டில் எதையாவது அடித்துக்கொண்டே இருந்தேன். ஈரப் போர்வையைத் துவைக்கும் கல்லில் ஓங்கி அறைந்தேன். தோல் பையைப் பெல்ட்டால் விளாசினேன். மொட்டை மாடியில் முழுப் பூசணிக்காயைக் கட்டையால் உடைத்தேன். சப்பாத்தி மாவை உருட்டி வைத்து முஷ்டியால் குத்தினேன். அப்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானும் அடிக்கறேம்மா."

"வா. மெதுவா இல்ல, நல்லா ஓங்கி அடி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே குத்தினாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒலிப்பதிவில் இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.

அந்தப் பதிவுகளும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பூசணிக்காய் பூசணிக்காயாகத்தான் கேட்கிறது என்றார். தி.நகரில் ஒரு கடையில் பழைய டிஜிட்டல் கீபோர்டு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினார்.

"மேடம், இதுல எல்லா சவுண்டும் கீது. கல்யாண பேண்டு கீது, சாமி ஊர்வலம் கீது. இன்னா வோணும் சொல்லுங்க."

"அடி விழற சத்தம்."

அவர் ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தவில் மாதிரியா?"

"இல்ல. ஆள அடிக்கற மாதிரி."

"அதுக்கு எதுக்கு மேடம் கீபோர்டு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

அடையாறில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர்தான் அந்தக் கருவியைக் கொடுத்தார். புதிதாக வந்த அனலாக் சிந்தசைசர், ஒலியை நாமே உருவாக்கிக்கொள்ளும் கருவி. ஒரு டிபன் தட்டு அளவுதான் இருக்கும். இருபத்தைந்து குட்டிக் கட்டைகள், அதற்கு மேல் வரிசையாக விரலால் திருப்பும் திருகுகள், ஒவ்வொன்றிலும் அது நிற்கும் இடத்தைக் காட்ட ஒரு வெள்ளைக் கோடு. திரை கிடையாது. ஆயத்த ஒலி எதுவும் கிடையாது. முக்கியமாக, அதற்கு ஞாபகமே கிடையாது. திருகுகள் எந்தெந்த இடத்தில் நிற்கின்றனவோ அதுதான் ஒலி. ஒன்றை அசைத்தால் பழையது போய்விடும். "புடிச்சிருந்தா வெச்சுக்கோங்க, இல்லன்னா அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழம திருப்பிக் குடுங்க. அவசரமில்ல" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். தாழ்ந்த ஒலி ஒன்று, அதன் மேல் கொஞ்சம் இரைச்சல், இரண்டும் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்க வேண்டும். அடி மாதிரி இருந்தது. ஆனால் எதிரே நிற்பவரை அடிப்பது மாதிரி இருந்தது. ஃபில்டர் என்று ஒரு பெரிய திருகு உண்டு. இடப்பக்கம் திருப்பத் திருப்ப ஒலியின் கூர்மையெல்லாம் வடிந்து கனம் மட்டும் மிஞ்சும். ஆயுத பூஜை அன்று காலை அதை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஒரு கட்டையை அழுத்தினேன். முக்கால்வாசி வந்ததும் திருப்புவதை நிறுத்திவிட்டேன். அது எனக்குத் தெரிந்த ஒலி.

சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த போர்ஷனில் இரண்டு அறைகள். என் அப்பா அம்மாவை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தித்தான் அடிப்பார். நானும் தம்பியும் வெளியே வீட்டுப்பாடம் எழுதுவோம். கதவு அடியின் கூர்மையைத் தடுத்துவிடும். கனம் மட்டும் தரை வழியாக வரும். அம்மாவின் குரல் வராது. கத்தினால் இன்னும் விழும் என்று அம்மாவுக்குத் தெரியும். நான் எண்ணுவேன். எண்ணி முடித்தால் நின்றுவிடும் என்று நம்பினேன்.

அந்தத் திருகுதான் அந்தக் கதவு. அக்காவுக்குப் போன் செய்து, போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்துப் பதினோரு முறை அழுத்தினேன். ஆறாவதிலேயே அவர் குரல் கேட்டது.

"போதும்டி. நிறுத்து." நிறுத்தினேன். "இதான். ஒரு திருகக்கூட அசைக்காத."

போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. பதிவு செய்துகொள்ள லேப்டாப்பைத் தேடினேன். அது ஏற்கெனவே பூஜையில் இருந்தது. சந்தனப் பொட்டு, குங்குமம், மேலே மகளின் சிலேட்டு, அதற்கு மேல் ஒரு சாமந்திப் பூ. சரஸ்வதி பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்றுதான் எடுப்பது எங்கள் வழக்கம். எடுத்திருக்கலாம். கணவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பூஜை நாளில் வேலை செய்கிறோமே என்று எனக்கே உறுத்திக்கொண்டிருந்ததால் கை வரவில்லை. நாளைக்குப் பதிவு செய்துகொள்ளலாம், அதுவரை யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். "என் டேபிள் பக்கம் யாரும் போகாதீங்க" என்று பொதுவாகக் கத்திவிட்டுக் குளிக்கப் போனேன். திருகுகளைப் போட்டோ எடுத்திருக்க வேண்டும் என்பது தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் தோன்றியது.

கணவர் கீழே ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்ததால் நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. வண்டியைக் கழுவி முடித்ததும் வழக்கம்போல் மேலே வந்து வீட்டிலிருக்கும் கருவிகளையெல்லாம் துடைத்திருக்கிறார். மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கத்தி, அரிவாள்மணை. கடைசியாக என் மேஜை. ஈரத்துணியால் ஒவ்வொரு திருகாகச் சுற்றித் துடைத்து, பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று எல்லாவற்றின் வெள்ளைக் கோட்டையும் நேராக மேலே பார்க்கும்படி வைத்துவிட்டு, சந்தனம் எடுக்கப் போயிருக்கிறார்.

நான் தலையில் துண்டோடு வந்தேன். மகள் நாற்காலி மேல் நின்றுகொண்டு பெரிய திருகை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அறைந்தேன்.

ஒன்றுதான். ஆனால் அது பிள்ளையை அடிக்கும் அடி இல்லை. நாற்காலியோடு சாய்ந்தாள். மேஜை விளிம்பு வாயில் பட்டது. கீழே விழுந்து என்னைப் பார்த்தாள், அழவில்லை. கீழுதடு பிளந்து ரத்தம் புதுப் பாவாடையில் சொட்டியது. அவள் கீழே பார்த்து, அதை உள்ளங்கையால் துடைக்கப் பார்த்தாள். பாவாடை பாழாகிவிட்டது என்று இன்னொரு அடி விழும் என நினைத்திருப்பாள்.

"ஏய்! நான்தான்டி துடைச்சேன்!" வாசற்படியில் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "பைத்தியமா உனக்கு? நான்தான் துடைச்சேன்!"

அப்போதுதான் திருகுகளைப் பார்த்தேன். பத்தொன்பது திருகுகள், ஒரே ஒழுங்கில், நேராக. நாலு வயதுக் குழந்தையால் அப்படி வைக்க முடியுமா? ஒரே ஒரு திருகு மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ஒரு டப்பாவுக்காகப் புள்ள வாய ஒடப்பியா?" அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து உரத்துப் பேசாத மனிதர். "கைய நீட்டினா ஒடச்சிருவேன். கிட்ட வராத."

"அடிங்க, என்னை அடிங்க" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. என் வலது உள்ளங்கையை நிலைப்படியில் ஓங்கி அடித்தேன். மறுபடியும் மறுபடியும். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் குத்தியது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்த பிறகுதான் நிறுத்தினேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நேரத்திலும் என் காதில் ஒரு பகுதி கணக்குப் பார்த்தது. கன்னத்தில் விழுந்த அடி வறட்சியாக இருந்தது. மரத்தில் விழுந்தது கனமாக இருந்தது.

தையல் போடத் தேவையில்லை என்றார் மருத்துவர். எப்படிப் பட்டது என்று கேட்டார். "நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டா" என்றேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் தெருவில் குங்குமம் பூசிய திருஷ்டிப் பூசணிக்காய்கள் உடைந்து சிதறிக் கிடந்தன. மகள் ஆட்டோவில் அப்பா மடியில் உட்கார்ந்து வெளியே பார்க்காமல் வந்தாள்.

நங்கநல்லூரில் தம்பியோடு இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். யாரிடமாவது திட்டு வாங்க வேண்டும் போல் இருந்தது.

"ஒரு அடிதானேடி. விடு. புள்ளைங்க மறந்துரும்."

"நான் மறக்கலியேம்மா."

"நீ எங்க அடி வாங்கின? நான்தானே வாங்கினேன்" என்றாள் அம்மா. பிறகு, தம்பி மனைவி சுண்டலில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டதைப் பற்றிப் பேசினாள்.

இரண்டு நாள் கழித்துத் தலை வாரிவிடும்போது மகளே சொன்னாள். "அப்பா எல்லாத்தையும் மாத்திட்டாரு. நான் பழையபடி வெக்கத்தான் பார்த்தேன். நீ அந்தப் பெரிசத்தான் இந்தப் பக்கம் வெச்ச."

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். நான் எது சொன்னாலும் இப்போது உடனே சரி என்கிறாள். முன்பெல்லாம் அவளிடம் ஒரு சரி வாங்கப் பத்து முறை கெஞ்ச வேண்டும்.

விஜயதசமி கழிந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த ஒலியை மறுபடி தேடினேன். முதலில் மூன்று நாள் ஆனது, இப்போது இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. பதினொன்றையும் லேப்டாப்பில் பதிவு செய்தேன். கதவைத் திறந்தால் மகள் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் போட்டிருந்ததால் அவளுக்கு ஒலி கேட்டிருக்காது. நான் கட்டையை அழுத்திய டொக் டொக் மட்டும் கேட்டிருக்கும். "பதினொண்ணு" என்றாள். எண்ணியிருக்கிறாள்.

பதிவு இருக்கிறதே, கருவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "தினம் ஆக்டர் ஒரு வேகத்துல சாப்பிடுவான். பதிவு அவனுக்காகக் காத்திருக்குமா? நீ உக்காந்து கையால அடி. இல்லன்னா வேற ஆளப் பார்த்துக்கறேன், கோச்சுக்காத." லேப்டாப்போடு சிறிய கீபோர்டு ஒன்றை இணைத்து, பதிவு செய்த அடிகளை அதிலும் வாசிக்கலாம், ஒலி அழியாது, யார் துடைத்தாலும் கெடாது. செய்து பார்த்தேன். எத்தனை முறை வாசித்தாலும் அதே பதினோரு அடி அச்சடித்தாற்போல் விழுகிறது. கருவியிலோ ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் தானாக வருகிறது, சூடேற ஏற ஒலியும் கொஞ்சம் நகர்கிறது. நல்ல கருவி. இத்தனை வருடத்தில் என் கையில் கிடைத்தவற்றில் மிக நல்லது. அதுதான் என் கஷ்டம்.

கணவர் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லவில்லை, வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. "உனக்கே தெரியணும்" என்கிறார். அவர் வீட்டில் இருக்கும்போது இப்போதெல்லாம் மகளுக்கு அவரேதான் சோறு ஊட்டுகிறார். திருப்பிக் கொடுத்தால், குற்றத்தைக் கருவி தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்கிறேனோ என்று தோன்றுகிறது. வைத்துக்கொண்டால், தினம் அந்த அடியைப் பழகப் பழக என் கைக்கு அது எளிதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. காலையில் ஒன்று தோன்றுகிறது, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது வேறொன்று தோன்றுகிறது. நேற்று அதை அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். அவள் அலமாரியைக் கடக்கும்போது கீழுதட்டைக் கையால் மூடிக்கொண்டு போனாள்.

வருகிற சனிக்கிழமை அடையாறுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை வாசிப்பவர்களில் பிள்ளையை ஒரு முறை அப்படி அடித்துவிட்டு, பிறகு ஒருபோதும் கை ஓங்காதவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மறுநாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? கை எழும் அந்த நொடியில் எதைப் பிடித்துக்கொண்டீர்கள்? குழந்தை உங்களிடம் மறுபடி முரண்டு பிடிக்க எத்தனை நாள் ஆயிற்று? அதோடு இதையும் சொல்லுங்கள்: அந்தக் கருவியை நான் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?