டன்லீரியில் கடலோரமா, மலையோரமா

நானும் மகளும் போய்ச் சேர, வீட்டைக் கடலோரம் பார்ப்பதா, மலையோரம் பார்ப்பதா? அயர்லாந்தில் டன்லீரிக்கு வேலைக்குப் போயிருக்கும் என் கணவர் கேட்கும் இந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் ஏற்காடு பஸ்ஸில், மகளை மடியில் வைத்திருந்த என் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்தார். நரைத்த குட்டை முடி, புடவைக்கு மேல் ஸ்வெட்டர். கணவர் இருக்கும் அதே டன்லீரி-ராத்டவுன் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பல வருஷமாக நர்ஸாம். விடுமுறைக்கு ஏற்காட்டு மலையில் தன் சொந்த ஊரான கொட்டச்சேட்டுக்கு வந்திருந்தார். எதைச் சொன்னாலும் விரலால் வரைந்துவிடுவார். மலை ஏறியதும் ஈரம் படிந்த ஜன்னல் கண்ணாடியில் வடக்கே டப்ளின் நகரம், கிழக்கே கடல், தெற்கே மலை என்று வரைந்தார்.

“டப்ளின்ல இருந்து பிரிச்ச தனி கவுண்டி கண்ணு. கவுன்சிலும் தனி. ஆனா எந்த ஊருன்னு கேட்டா இன்னமும் டப்ளின்னுதான் சொல்லுவாங்க.”

“ஏனுங்க அக்கா, ஸ்கூல் சீட்டுக்குக் கவுன்சில்ல மனு குடுக்கணுங்களா?”

“குடுத்துப் பாரு, லைப்ரரி கார்டு தருவாங்க. கவுன்சிலுக்கும் ஸ்கூலுக்கும் சம்பந்தமில்ல, ஸ்கூல்ல நேரா போய்க் கேக்கணும் சாமி.”

ஏற்காட்டிலேயே வளர்ந்த மகளுக்கு மலைதான் பழக்கம் என்றேன்.

“அங்க இருக்கற மலையும் நொம்ப நல்லா இருக்குமாம். நான் போனதில்ல.”

“இத்தன வருஷத்துலயா?”

“போனா ஊட்டு நெனப்பு வந்துரும். கடலப் பாத்தா அந்தத் தொந்தரவு இல்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னார். ஏற்காட்டில் இறங்கி ஜீப் ஏறிப் போய்விட்டார்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: சொந்த ஊரைப் போலவே இருக்கும் இடத்தில் குழந்தைக்கு ஏக்கம் குறையுமா, கூடுமா? இந்த வாரத்துக்குள் அவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.