மாலை போடாத படம்

சிகிரியாக் குகை ஓவியங்களை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. திருகோணமலையிலிருந்து காரில் போனால் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. ஆறு நாள் எங்கள் வீட்டிலேயே ஒரு கார் இருந்தது, என் பெயரும் பயணத்தில் இருந்தது. அப்படியிருந்தும் நான் போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆறியிருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம் அது. எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, இருபது வருடங்களுக்குப் பிறகு நோர்வேயிலிருந்து மனைவியோடு வந்தார். மாமி அந்த நாட்டுக்காரி. இருவரும் கொழும்பில் டிரைவர் இல்லாமல் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓட்டியது மாமி. மாமா பக்கத்தில் வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அயல் முழுக்க மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

"ஒரு டிரைவரைப் பிடிக்க ஏலாதோ மச்சான்? சனம் என்ன கதைக்கும்?" என்றார் அப்பா.

"அத்தான், லைசன்ஸ் அவவிட்டத்தான் இருக்கு. நான் ஓட்டியிருந்தா இப்பவும் நீர்கொழும்பிலதான் நிண்டிருப்பம்."

மாமி இந்த நாட்டின் கலையையும் கலாச்சாரத்தையும் பார்க்க வந்தவர். அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தார். கோணேசர் கோயில், கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், திரியாயில் மலைமேல் இருக்கும் பழைய விகாரை என்று நாள்வாரியாக எழுதி, கடைசியில் சிகிரியாவுக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடு இழுத்திருந்தார். என் பள்ளிக்கூட ஆங்கிலத்தை நம்பி என்னை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள். கூலி சிகிரியா. நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். சித்திர ரீச்சர் பார்த்து வரைந்துகொண்டு வரச் சொன்னார். அப்பா இருபத்துநாலு நிறப் பென்சில் பெட்டி வாங்கித் தந்தார்.

முதல் நாள் காலை நாங்கள் காரில் ஏறப்போகும்போது அம்மா வாசலுக்கு வந்தார்.

"கோயிலும் கோட்டையும் எங்க ஓடிப்போகுது? முதல்ல கட்டைபறிச்சான் அக்கா வீட்டில முகத்தைக் காட்டிப்போட்டு வா. அவவின்ர மனுசன் செத்து நாலு வருஷம். நீ ஒரு போன் எடுத்ததோட சரி."

மாமா தலையைக் குனிந்தார். கார் கட்டைபறிச்சானுக்குப் போனது.

அந்த இருபது வருடங்களில் எங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் செத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஒரு வீட்டில் துக்கம் விசாரித்தால் அது மற்ற வீட்டுக்கு எங்களுக்கு முன்னே போய்விடும். "அங்க போனவராம், எங்கட வாசல் படலை மட்டும் அவருக்குத் தெரியேல்லையாம்" என்று செய்தி வரும். துக்க வீட்டுக்குப் போனால் குளிக்காமல் கோயிலுக்குப் போகக்கூடாது. குளித்து முடிய அடுத்த வீடு காத்திருக்கும். கோணேசர் போனார், கோட்டை போனது, கன்னியாவும் போனது.

மாமி மட்டும் சோரவில்லை. இதுவும் கலாச்சாரம்தானே என்றார். எல்லா வீட்டிலும் சுவரில் ஒரு படம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் கிட்டப்போய்ப் பார்ப்பார். இவர் யார், எப்படி இறந்தார் என்று கேட்பார். நான் படித்திருந்த ஆங்கிலம் மூன்று நாளில் தீர்ந்துபோனது.

செத்த வீட்டுப் பழக்கத்தை அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். போகும்போது 'போயிட்டு வாறம்' என்று சொல்லக்கூடாது. எழும்பி, பேசாமல் நடக்க வேண்டும். நான் அதை மாமிக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலாம் நாளுக்குள் மாமி தேறிவிட்டார். நான் கண்ணைக் காட்டினால் போதும், பையை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறுவார்.

ஐந்தாம் நாள் நான் சாப்பிடாமல் இருந்தேன். மாமா என் தலையில் கை வைத்து, "நாளைக்கு ஒரு வீடும் இல்லை. நேரே சிகிரியா" என்றார்.

ஆறாம் நாள் விடியவே புறப்பட்டோம். பென்சில் பெட்டி என் மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் வலப்பக்கம் கடல் வந்தது. சிகிரியாவுக்குக் கந்தளாய் வழியாகப் போக வேண்டும், அந்த வழியில் கடல் இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

"மாமா, இது உப்புவெளி ரோட்டு."

"ஓம் பிள்ளை. பத்து நிமிஷம்."

"ஆர் செத்தது?"

மாமா வரைபடத்தை மடித்து வைத்தார்.

ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் சின்ன வீடு. வெளியே ஒரு வயதான அம்மா வந்தார். அவரை நான் முன்பு கண்டதில்லை. சொந்தமும் இல்லை. அவர் மாமாவைக் கண்டு அழவில்லை. அது எனக்குப் புதுமையாக இருந்தது. மாமாவின் இரண்டு கன்னங்களையும் பிடித்து, "வந்திட்டியோ ராசா" என்று சிரித்தார். எங்களைக் கதிரைகளில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

சுவரில் ஒரு படம். மீசை அரும்பின ஒரு பெடியன். மாலை இல்லை, பல்ப் இல்லை. மாமி என் பக்கம் குனிந்து, இதற்கு ஏன் மாலை இல்லை என்று கேட்டார். இவர்கள் கவனமில்லாத ஆட்கள் என்று நான் சொன்னேன். ஐந்து நாள் அனுபவம் எனக்கு இருந்தது.

"அங்க எங்கயும் அவனைக் கண்டனியோ?" என்று அந்த அம்மா மாமாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"இல்லையம்மா. அது பெரிய நாடு" என்றார் மாமா.

நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாகியிருந்தது. மாமிக்குக் கண்ணைக் காட்டினேன். இருவரும் எழும்பிப் பேசாமல் நடந்தோம். கார்க் கதவில் கை வைத்தபோது பின்னால் கூச்சல் கேட்டது. அந்த அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு படலைக்கு ஓடிவந்தார்.

"ஏன் சொல்லாமப் போறீங்கள்? இதென்ன செத்த வீடே? சொல்லுங்கோ, இது செத்த வீடே?"

அவருக்குப் பின்னால் மாமா வந்தார். என்னை ஒருநாளும் ஏசாதவர் அன்றைக்கு ஏசினார்.

"உனக்கு ஆரடி இப்பிடிப் போகச் சொன்னது?"

"எங்கட அம்மாதான் சொன்னவ!"

"சொல்லு. போயிட்டு வாறன் அம்மா எண்டு சொல்லு."

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஐந்து நாள் சொல்லக்கூடாது என்றார்கள், சொல்லவில்லை. ஆறாம் நாள் சொல்லவில்லை என்று ஏசுகிறார்கள். என் பக்கம் என்ன பிழை? மாமிக்கு அந்தச் சொற்கள் தெரியாது. என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மாமா அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். அந்த அம்மா மீன் வாங்கிச் சமைத்தார். நாங்கள் சாப்பிட்டு எழும்ப மூன்று மணியாகிவிட்டது. அடுத்த நாள் மாமாவுக்கு விமானம். ரீச்சருக்கு நான் கலண்டர் படம் ஒன்றைப் பார்த்து சிகிரியாவை வரைந்து கொடுத்தேன். நேரில் பார்த்ததால்தான் இவ்வளவு உயிரோடு வந்திருக்கிறது என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பெடியன் மாமாவின் வகுப்புத் தோழன் என்பதையும், ஒரு காலையில் அவசரத்தில் தாயிடம் சொல்லாமலே சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்பதையும், அடுத்த மாதம்தான் மாமா நாட்டை விட்டுப் போனார் என்பதையும் என் கலியாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னார். செத்த வீட்டுக்கு ஒரு பழக்கம், மற்ற வீட்டுக்கு ஒரு பழக்கம் என்று சொல்லித் தந்தவர்கள் இரண்டிலும் சேராத வீடும் ஊரில் இருக்கிறது என்பதைச் சொல்லித் தந்திருக்கலாம். ஒரு வசனம் போதுமே. பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்காது என்று யார் முடிவு செய்தது?

போன கிழமை அந்த அம்மா இறந்துபோனார். மாமா போனில் கேட்டுக்கொண்டதால் ஐந்து வயது மகளோடு உப்புவெளிக்குப் போனேன். கூட்டிப்போயிருக்கக் கூடாதோ, தெரியவில்லை. அந்த அம்மாவின் படத்துக்கு மாலை போட்டுப் பல்ப் ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் மகனின் படம் அன்றிருந்தபடியே இருந்தது. அதற்கு மாலை போட ஒருவருக்கும் கை வரவில்லையாக்கும். எழும்பும்போது, அன்று சொல்லாமல் விட்டது நாக்கு நுனி வரை வந்தது. இப்போது அது செத்த வீடு. பேசாமல் நடந்தேன்.

ஓட்டோவில் மகள் கேட்டாள்.

"அம்மா, மற்றப் படத்தில இருந்த மாமாவுக்கு மட்டும் ஏன் மாலை போடேல்ல?"

"வீட்டை போய்ச் சொல்லுறன்" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.