கண்ணை மூடி இழுத்த வில்

பினாங்கிலுள்ள நகரத்தார் கோயில் ஒன்றில், விஜயதசமியன்று மாலை, முருகப்பெருமான் வெள்ளிக் குதிரையின்மீது அமர்ந்து அம்பு போடப் புறப்படுவார். இதனை மகர்நோன்பு என்பர். திடலின் ஓரத்தில் வாழைமரம் ஒன்று நட்டிருப்பார்கள். இறைவன் சார்பில் குருக்கள் அம்பை எய்வார். அம்பு வாழையில் தைத்துவிட்டால் கூட்டம் ஆரவாரிக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்த வில்லைச் செய்து கொடுத்தவர் அய்யாக்கண்ணு ஆசாரி.

வில் செய்வது அவருடைய தொழிலன்று. சுங்கை பினாங் ஆற்றங்கரையில் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்றில் அவர் மாட்டுவண்டி செய்தார். அதன் பின்பக்கத்திலேயே தனியாகக் குடியிருந்தார். அவர் செய்த வண்டி எதுவும் உடைந்ததில்லை. அதே வேளையில், அவர் செய்த வண்டியை விரும்பி இழுத்த மாடும் இல்லை. மற்றவர்கள் இரண்டு விரற்கனம் வைக்கும் இடத்தில் அவர் நான்கு விரற்கனம் வைப்பார்.

"ஏன் ஆசாரி, ஒன் வண்டியக் காலியா இழுக்கவே ரெண்டு மாடு வேணும். மூட்டைய நாங்க தலையில தூக்கிட்டுப் போறதா?" என்று வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"ஒடையாதுல்ல?" என்பார் அவர்.

அவர் இத்தீவுக்குத் தமையனாரோடு வந்தவர். இவர் வண்டி செய்வார், அவர் ஓட்டுவார். ஒருமுறை, மாட்டின் கழுத்துக்கு இதமாக இருக்கட்டும் என்று இவர் நுகத்தடியின் நடுப்பகுதியைச் சீவி மெல்லியதாக்கினார். ஆயர் ஈத்தாம் மேட்டில், மூட்டைப் பாரத்தோடு ஏறும்போது நுகத்தடி முறிந்தது. பின்னோக்கி உருண்ட வண்டி தமையனாரின் பாதத்தை நசுக்கிவிட்டது. அவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை; கோலை ஊன்றிக்கொண்டு நாகப்பட்டினம் செல்லும் கப்பலில் ஏறினார். அதன்பின் அவரிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. மரத்தை மெல்லியதாகச் சீவ அய்யாக்கண்ணுவின் கை அன்றுமுதல் மறுத்துவிட்டது.

வில்லையும் அவர் அப்படியே செய்தார். பாக்கு மரத்தைப் பிளந்து எடுத்த அந்த வில் உலக்கைபோல் தடித்திருக்கும். குருக்கள் தனியாக இழுத்தால் நாண் அசையாது. ஆகவே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று: குருக்கள் வில்லைப் பிடித்துக்கொள்வார், அவருக்குப் பின்னால் நின்று அய்யாக்கண்ணு நாணை இழுத்துவிடுவார். வெள்ளிக் குதிரையின் அருகில், தீவட்டி வெளிச்சத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் அவர் நிற்பது அந்த ஒரு மாலையில்தான். "ஆசாரியக் கூப்பிடுங்க, ஆசாரி எங்கே?" என்று பலரும் அவரைத் தேடுவார்கள். மற்ற நாள்களில் அவரைத் தேடியவர்களுக்கு அச்சோ சக்கரமோதான் வேண்டியிருந்தது.

ஓராண்டு அம்பு வாழையை எட்டாமல் பாதி வழியிலேயே மண்ணில் விழுந்தது. கூட்டம் சிரித்துவிட்டது. அடுத்த ஆண்டு நவராத்திரி நெருங்கியபோது, கோயில் காரியங்களைக் கவனித்துவந்த சாத்தப்பன் செட்டியார் கொட்டகைக்கே வந்தார்.

"ஆசாரி, போன வருஷம் முருகன் மானத்தை வாங்கிட்டியே அப்பா. அது வில்லா, வண்டி அச்சா?"

"ஒடையக் கூடாதுன்னு பாத்தேன், அய்யா."

"ஒடையக் கூடாதுதான். சாமி கையில வில்லு ஒடஞ்சா அந்த அபசகுனத்துக்கு நீயும் பதில் சொல்ல முடியாது, நானும் பதில் சொல்ல முடியாது. ஆனா அம்பு வாழையில நிக்கணும். குருக்கள் ஒத்தையா இழுக்கிற மாதிரி இருக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லு, தேவகோட்டையிலேருந்து வரவழைச்சுக்கிறேன்."

அய்யாக்கண்ணு தலையசைத்தார். செட்டியார் சென்ற பிறகுதான் அவர் சொன்னதன் முழுப்பொருளும் இவருக்கு விளங்கிற்று. வில் உடைந்தால் கோயிற்படி ஏற முடியாது. வில் நன்றாக அமைந்தாலோ, குருக்களுக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டியதில்லை.

எனினும் வேலையைத் தொடங்கினார். பரண்மீது உலர வைத்திருந்த பாக்கு மரத்திலிருந்து இரண்டு சட்டங்களைப் பிளந்தெடுத்தார். பாக்கு மரத்தின் வலிமை அதன் வெளிநாரில் உள்ளது. அதனைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் சீவவேண்டும். சிறிது சீவி, நாண் பூட்டி, சற்றே இழுத்து, எங்கே வளைகிறது, எங்கே விறைத்து நிற்கிறது என்று பார்த்து, விறைத்த இடத்தை மீண்டும் சீவவேண்டும். முறை அவருக்குத் தெரியாததன்று. ஆனால், நாணைச் சாண் தூரம் இழுப்பதற்குள் அவருடைய கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. முகம் தோளுக்குள் திரும்பிற்று. திறந்து பார்க்கும்போது வில் பழைய நிலைக்கு வந்திருக்கும். எங்கே வளைந்தது என்று அவர் பார்த்ததே இல்லை. ஆகவே குத்துமதிப்பாக ஓரிடத்தைச் சீவுவார். உடனே அச்சம் வந்து, மற்ற இடங்களைத் தடிப்பாகவே விட்டுவிடுவார்.

எதிரே கோப்பியும் பீசாங் கோரெங் என்னும் வாழைப்பழப் பலகாரமும் விற்றுவந்தவர் சலேஹா. தந்தை இராமநாதபுரத்தார், தாய் மலாய்க்காரர். ஒருநாள் பிற்பகல், கோப்பியோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, தூங்கிக்கிட்டே இழுக்கிறீங்களா?"

"எங்கம்மா தூங்கினேன்?"

"கண்ண மூடிக்கிட்டுல்ல இழுக்கிறீங்க! இப்படி இழுத்தா எப்படித் தெரியும் லா? தாக்குட்டா?"

"பயமெல்லாம் இல்ல. தூசி விழுந்திருச்சு."

"ம்ம். வில்லுலேருந்து தூசி! சரி, இன்னொரு தடவ இழுங்க, நான் பாத்துச் சொல்றேன்."

அவர் இழுத்தார். கண்கள் மூடிக்கொண்டன.

"மேல் பாதி ஒடிஞ்ச மாதிரி ஒரே எடத்துல மடங்குது. கீழ்ப் பாதி மாமியார் மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குது" என்றார் சலேஹா. அதற்குள் கடைக்கு யாரோ வந்துவிட, கோப்பிக் குவளையை வைத்துவிட்டு ஓடினார். மறுநாளும் வந்து பார்க்கச் சொல்லி அவரை அழைக்க அய்யாக்கண்ணுவுக்கு நா எழவில்லை. யாரையும் எதற்கும் அழைத்துப் பழக்கமில்லாதவர் அவர்.

அடுத்த நாள் சாயங்கால வெயில் கொட்டகைக்குள் சாய்வாக விழுந்தது. அவர் முதற் சட்டத்தைக் கையிலெடுத்தார். அதனை வில்லாக்கும் எண்ணத்தை அன்று கைவிட்டிருந்தார், உடைப்பதற்கென்றே எடுத்தார். உடையட்டும், ஆனால் உடைவதைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். சுண்ணாம்பு பூசிய பின்சுவரில் வில்லின் நிழல் விழும்படி நின்று, நிழலையே நோக்கியவாறு இழுத்தார். கண் துடித்தது, மூட விடவில்லை. நிழல் வளைந்தது. இன்னும் இழுத்தார். எங்கோ நார் ஒன்று 'டிக்' என்றது. மேலும் இழுத்தார். மீண்டும் ஒரு சத்தம், பிறகு வெடியோசை. ஒரு துண்டு கூரையில் மோதி விழுந்தது.

"அல்லா! அண்ணே, உசிரோட இருக்கீங்களா?" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்மா, இருக்கேன்."

உண்மையில் ஒன்றும் நேரவில்லை. புறங்கையில் ஒரு கீறல், அவ்வளவே. அவர் துண்டுகளைப் பொருத்தி, முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அச்சத்தினால் தடிப்பாக விட்ட இரண்டு மேடுகளுக்கு நடுவில், அவர் குத்துமதிப்பாகச் சீவிய பள்ளத்தில் அது முறிந்திருந்தது. மேடுகள் வளைய மறுத்துவிட்டன. வளைய வேண்டிய முழுச்சுமையும் அந்த ஒரு பள்ளத்தின்மீது விழுந்திருந்தது. மெல்லியதாக இருந்ததனால் மரம் முறியவில்லை. ஓரிடம் மட்டும் மெல்லியதாக இருந்ததனால் முறிந்தது.

அவர் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். நுகத்தடியின் நடுப்பகுதியை மட்டும் சீவியது நினைவுக்கு வந்தது. முனைகள் வரைக்கும் ஒரே சீராகச் சீவியிருந்தால் அது ஆயர் ஈத்தாம் மேட்டைக் கடந்திருக்கும். இத்தனை காலமும் தடித்த மரத்தை நம்பி வாழ்ந்தது வீண். இதனைக் கேட்க வேண்டியவர் தமையனார் ஒருவர்தாம். அவர் கடலுக்கு அப்பால் எந்த ஊரில் இருக்கிறாரோ, உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. வெயில் சுவரிலிருந்து இறங்கும்வரை அய்யாக்கண்ணு எழவில்லை.

இரண்டாம் சட்டத்தை அவர் கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். வெயில் உள்ளே வரும் நேரங்களில் நிழலைப் பார்த்து இழுத்தார். விறைத்த இடத்தில் கரிக்கோடிட்டு, அங்கே மட்டும் சுரண்டினார். மழை பெய்த நாள்களில் வெயிலுக்காகக் காத்திருந்தார். வில்லின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்துக் குனிவதுபோல் குனியத் தொடங்கின. ஒருமுறை, இனிப் போதும், சற்றுத் தடிப்பாகவே விட்டுவிடலாம் என்று கை நின்றது. அப்படி விட்டால் குருக்களுக்குத் துணை வேண்டியிருக்கும். தமக்குரிய இடமும் இருக்கும். அந்த எண்ணத்தோடு அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு சில்லை எடுத்து, எஞ்சியிருந்த மேட்டையும் சுரண்டிவிட்டார்.

விஜயதசமியன்று மாலை அவர் வில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தார். குருக்கள் ஒருமுறை இழுத்துப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அடடே, இது வில்லுய்யா! சும்மா வருதே!"

சாத்தப்பன் செட்டியாரும் மகிழ்ந்தார். "ஆசாரி, ஒனக்கு இனிமே செரமம் இல்ல. போ, அப்படிக் கூட்டத்தோட நின்னு நல்லாத் தரிசனம் பண்ணு" என்றார். அன்போடுதான் சொன்னார்.

அய்யாக்கண்ணு கூட்டத்துக்குள் சென்றார். அங்கே அவரை யாரும் கவனிக்கவில்லை. "தள்ளி நில்லுங்க அண்ணே, மறைக்குது" என்று ஒருவர் சொன்னார், தள்ளி நின்றார். தீவட்டிகள் உயர்ந்தன. குருக்கள் அம்பைப் பூட்டி நாணை இழுத்தார். எல்லாரும் வாழைமரத்தைப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு வில்லையே பார்த்தார். கண்கள் மூடவில்லை. தாம் இழுக்கும்போது நிழலாக மட்டுமே கண்டதை, இப்போது வேறொருவர் இழுக்க, முனையிலிருந்து முனைவரை முழுமையாகக் கண்டார். எங்கும் மேடில்லை, பள்ளமில்லை. நாண் விடுபட்டது, ஆரவாரம் எழுந்தது. அம்பு வாழையில் நிற்கிறதா என்று அவர் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாயிற்று. நின்றது.

சுங்கை பினாங்குக்கு அவர் நடந்தே திரும்பினார். சலேஹா கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஒடஞ்சுதா அண்ணே?"

"இல்ல."

"அம்பு?"

"வாழையில நின்னுச்சு."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பாத்தேம்மா. முழுசாப் பாத்தேன்" என்றார்.

சலேஹாவுக்கு அது விளங்கவில்லை. ஆறிய கோப்பியைச் சூடாக்கிக் கொடுத்தார்.

அதன்பின் அவர் செய்த வண்டிகள் இலேசாயின. வண்டிக்காரர்களின் கேலியும் நின்றது. கேலி நின்றதும், அவரோடு பேசுவதற்கு அவர்களுக்கு வேறொன்றும் இல்லாமற்போயிற்று. ஆண்டுதோறும் மகர்நோன்பன்று அவர் முன்கூட்டியே வந்து, திடலின் ஒரு மூலையில் நிற்பார். அங்கிருந்து வாழைமரம் சரியாகத் தெரியாது. ஆகையால் அந்த இடத்துக்கு வேறு யாரும் வருவதில்லை. வில் மட்டும் அங்கிருந்து முழுமையாகத் தெரியும்.