படியாத கறுப்பு

உத்திரமேரூருக்குத் திரும்பி இரண்டு கோடைகள் ஆகிவிட்டன. இன்னும் காலையில் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. கேட்டால், "நல்லாத்தான கீது சார்" என்கிறார்கள். நான் குடித்து வளர்ந்த தண்ணீர்தான். ஜெர்மனியில் இருந்த முப்பத்தொரு வருடங்களில் நாக்கு மாறிவிட்டது. நேற்று என்னிடம் பேசியவர்களை எண்ணினேன்: மூன்று பேர், அதில் ஒருவர் பஸ் கண்டக்டர்.

அங்கே ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரே வேலை, கார்பன் நானோகுழாய்களைத் தண்ணீரில் படியாமல் நிறுத்துவது. முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழல்கள் அவை. தண்ணீர் அவற்றுக்கு ஆகாது. ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். சோப்பு போன்ற ஒன்றைச் சேர்த்து, ஒலியதிர்வால் பிரிக்க வேண்டும். சோப்பின் ஒரு முனை குழாயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அந்தப் பிடி இருக்கும்வரை கறுப்பு மிதக்கும்.

நான் கடைசியாகச் செய்த கலவையைச் உருண்டையான சிறு கண்ணாடிப் புட்டியில் கொண்டுவந்தேன். மனைவி இறந்தபின் நான் ஊருக்குக் கிளம்பியபோது, அங்கேயே இருக்கும் மகள் கயல் அழுதாள். "இது படியாதவரை நான் ஊரில் இருப்பேன். படிந்தால் உன்னிடம் வந்துவிடுகிறேன்" என்று புட்டியைக் காட்டிச் சொன்னேன். ஞாயிறுதோறும் போனில் அவள் முதலில் விசாரிப்பது புட்டியைத்தான்.

இந்தச் சித்திரை வெயிலில் மூடி விரிசல் விட்டு, நீர்மட்டம் இறங்கியது. சோப்பு ஆவியாகாது, சுத்தமான நீர் விட்டால் போதும். பேட்டரிக்கு ஊற்றும், உப்பில்லாத வாலைநீரான பேட்டரித் தண்ணீர் வாங்க வாலாஜாபாத் போய்த் திரும்பினேன். வீட்டு வேலைக்கு வரும் சரோஜா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மை பாட்டில்ல தண்ணி சுண்டிப் போச்சி சார். போர் தண்ணி ஊத்தி ரொப்பிட்டேன்."

"யாரும்மா ஊத்தச் சொன்னது?"

"தெனம் அதையே பாத்துக்கினு குந்தினு கீறீங்க. கொறஞ்சா மனசு கஷ்டமாயிடாதா?"

வாங்கி வந்ததைப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் சோப்பின் பிடியைக் கெடுத்துவிடும். மாலைக்குள் கறுப்பு திரிதிரியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்தது. அதைப் பிரிக்கும் கருவி இங்கே இல்லை.

ஞாயிறு கயல் கூப்பிட்டாள். "அப்பா, காட்டுங்க."

புட்டியைப் பலமாகக் குலுக்கி, கேமரா முன் நீட்டினேன்.

"கறுப்பாத்தான் இருக்கு" என்றாள். அது நிம்மதியா ஏமாற்றமா, தெரியவில்லை. சார்ஜ் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பேட்டரித் தண்ணீர் மூடி திறக்காமல் பக்கத்தில் இருந்தது. துகள்கள் மெல்ல இறங்கின. மேலே தெளிந்த நீரில் எங்கள் தெரு தெரிய ஆரம்பித்தது, தலைகீழாக.