அலை உயர்ந்த வாரம்

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், டெஸ்டில் பாஸான எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பக்கத்து மேஜையில் அவள். போர்டிலிருந்து வரும் சிக்னலைக் கேபிள் வழியாக ஆசிலோஸ்கோப் திரையில் பார்ப்பாள். அலை இரண்டு கோடுகளுக்குள் நின்றால் போர்டு என்னிடம் வரும். தாண்டினால் சிவப்பு டிரே.

திண்டிவனம் பக்கத்துப் பெண். கான்ட்ராக்ட் முடியும் நேரம். நீட்டிக்காவிட்டால் ஊருக்குப் போய், குடிகார அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் தூக்கம் போகும். பஸ் ஏறிய பிறகும் கேஸை மூடினேனா என்று பதறுகிறவள் நான்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் கழற்றித் துடைத்தோம். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ஏதாவது ஒன்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் லைனில் வழக்கம்.

"நீ பொரி கட்டுக்கா. அலங்காரமெல்லாம் நான் பாத்துக்கிறேன். என் கை ராசியான கை" என்றாள்.

லீவு முடிந்து வந்தோம். மெயின்டெனன்ஸ் ஆட்கள் கேபிள்களை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் போர்டிலேயே அலை மேல்கோட்டைத் தாண்டி நின்றது. அடுத்ததும் அப்படியே. சிவப்பு டிரே நிறைந்து வழிந்தது.

"இன்னாம்மா பண்ணே?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ஒண்ணும் பண்ல சார். அதுவா ஏறிக்கினு நிக்குது."

"பூஜைப் பொரிய ஸ்கோப்பும் துன்னுட்ச்சு போல, ஊதிக்கீது" என்றான் பேக்கிங்காரன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதே ஸ்கோப்பில் பவர் பார்க்க மாட்டும் இன்னொரு கம்பியை, புரோப்பை, சோதித்தார்கள். அது சரியாகவே காட்டியது. கேபிளை மாற்றினார்கள், அதே உயரம். டெஸ்ட் இன்ஜினியர் லீவில் இருந்தார். லைன் நின்றதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. ஸ்கோப்பைக் கையாளத் தெரியாமல் கெடுத்துவிட்டாள் என்று மேலே சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். சாயங்காலம் கான்ட்ராக்ட் ஏஜென்ட் வந்து, "நாளைலேர்ந்து வர வாணாம்மா" என்றார்.

ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை கூடப் போனேன். ரயில் வரும் வரை, டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகுதான் இன்ஜினியர் வந்தார். ஸ்கோப்பில் கேபிள் மாட்டும் இடத்தைப் பார்த்ததுமே, "டெர்மினேட்டர் எங்க?" என்றார். கேபிளுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே விரல்நுனி அளவில் ஒரு துண்டு இருக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் அலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியுமாம். போர்டுகள் எல்லாமே நல்ல போர்டுகள்தான். கேபிளின் ஒட்டுத் துண்டு என்றுதான் நாங்கள் அதுவரை அதை நினைத்திருந்தோம்.

தேடினோம். சாமி படத்துக்குப் பின்னால், காய்ந்த மல்லிச்சரத்துக்குள் கிடந்தது. மேலே, தீக்குச்சி முனையால் வைத்த துளி குங்குமம். அப்படிப் பொட்டு வைப்பது எங்கள் லைனில் அவள் ஒருத்திதான்.

"அவள திரும்பக் கூப்பிடலாமே சார்?"

"அந்த எடத்துக்கு ஆள் வந்தாச்சு, விடும்மா."

மதியம் போன் செய்தேன். பின்னால் மேளச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

"கண்டுபுடிச்சாங்களாக்கா?"

"கேபிள்ல ஏதோ கோளாறாம். உன் மேல ஒண்ணும் இல்லடி."

"பாத்தியா! என் கை ராசியான கைன்னு அப்பவே சொன்னேன்ல?"

"ஆமாண்டி" என்றேன்.

வரும் தையில் கல்யாணம் என்றாள்.