அஞ்சலை பிடித்திருந்த கை

கோவிந்தனைக் கொன்றது நோய் என்று அவர் மனைவி அஞ்சலை நம்பினாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஓர் அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். நான் மருத்துவனாகச் சேர்ந்து இரண்டாம் வருடம். படித்த திமிர் நிறைய இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தன் கண்டாச்சிபுரம் பக்கத்து விவசாயி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கழனியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "நெஞ்சுல புடிச்சி முதுகு வரைக்கும் கிழிஞ்சிக்கினு போவுதுங்க," என்றார். 'கிழிஞ்சி' என்ற அந்த ஒரு சொல்லிலேயே நோய் இருந்தது. நானோ மாரடைப்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்து ஓடும் வேறொரு நோய் அவருக்கு. ஒரு கைக்குப் போகும் கிளை அதில் அடைபட்டால், அந்தக் கையில் ரத்த அழுத்தம் குறைவாகக் காட்டும். மறு கையில் மிக அதிகமாக இருக்கும். ஆகவே இரண்டு கைகளிலும் பார்க்க வேண்டும். படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறகு ஏன் பார்க்கவில்லை?

சொன்னால் சிரிப்பீர்கள். அவருடைய இடது கையை அஞ்சலை பிடித்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சந்தைக்குப் போனால்கூடப் பத்தடி தள்ளித்தான் நடப்பார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். பெரியவர்கள் எதிரில் என் மனைவியின் விரல் நுனிகூட என்மேல் பட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில், ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, வார்டே வேடிக்கை பார்க்க, கட்டிலோரம் முழங்காலிட்டுப் புருஷன் கையைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்திருந்தாள்.

"தள்ளும்மா, டாக்டர் பாக்கட்டும்," என்றார் நர்ஸ்.

"கைய வுட்டா பூடுவாருங்க," என்றாள் அஞ்சலை.

என் மனம் இளகிவிட்டது. "இருக்கட்டும் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு, வலது கையில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினேன்.

அழுத்தம் மிகவும் குறைவாகக் காட்டியது. இதயம் ஓய்கிறது என்று பயந்து, அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்தினேன். உள்ளே கிழிந்துகொண்டிருந்த குழாயின்மேல் இன்னும் பாரம்...

கொஞ்ச நேரத்தில் அவர் தண்ணீர் கேட்டார். அஞ்சலை சொம்பை எடுக்க எழுந்தாள். தனியாகக் கிடந்த அந்தக் கையை, வெறும் ஆறுதலுக்காகத்தான், நான் எடுத்துக்கொண்டேன். நாடி என் விரலை இடித்துத் தள்ளியது! பட்டையை இடது கைக்கு மாற்றினேன். பாதரசம் ஏறிக்கொண்டே போயிற்று.

மருந்தை நிறுத்தினேன். அழுத்தத்தைக் குறைக்கும் ஊசிக்கு ஆள் அனுப்பினேன். சென்னைக்குக் கொண்டுபோக வண்டி கேட்டேன். வண்டி வருவதற்குள் போய்விட்டார். அப்போதும் அஞ்சலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சரியாகக் கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா? அந்த நாளில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தூங்கவைத்துக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு சென்னை போய்ச் சேர ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நான் கெடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து அஞ்சலை என்னைத் தேடி வந்தாள். முந்தானையில் அவித்த மல்லாட்டை. அதை என் மேசையில் கொட்டிவிட்டுச் சொன்னாள்:

"வேற டாக்டரா இருந்தா என்னைத் தொரத்தி வுட்டிருப்பாருங்க. நீங்க கடைசி வரைக்கும் அவரு கையப் புடிச்சிக்கினு இருக்க வுட்டீங்க. எனக்கு அது போதுங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதலும் குற்றமாகிவிடுமே என்று இரக்கப்பட்டேன்... இல்லை, அது முழு உண்மையல்ல. வேலைக்கு வினை வரும் என்று பயந்தேன். இரக்கம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். "பரவாயில்லம்மா," என்றேன்.