அண்ணனைவிட, தம்பியைவிட

தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டிக் கரியை ஊதும்போது எழும் புகை, என்னை மந்தாரக்குப்பத்து வாடகை அறையில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே லெக்கோ அடுப்பு. பழுப்பு நிலக்கரியில் செய்த அந்தக் கட்டிகள் பற்றிக்கொள்ள அரை மணியாகும். சமையலைவிட டீதான் அதிகம் போட்டேன். பி.ஏ.வைத் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டு, மைன்ஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்குச் சாயங்காலங்களில் அதே அறையில் பெஞ்சு போட்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த காலம். என் இங்கிலீஷின் லட்சணம் அவர்களுக்குத் தெரியாது, அதனால் பிழைத்தேன்.

பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஒரே சைக்கிளில் வருவார்கள். பெரியவன் ராமலிங்கம், சின்னவன் தண்டபாணி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். அதற்காக வீட்டுக்கு ஒரு பர்மனென்ட் வேலை. ஒன்றே ஒன்று. யாருக்கு என்று அப்பா வாய் திறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒப்பிட்டுப் பேசுவதைப் பாடம் எடுத்த அன்று, "பக்கத்துல இருக்கறவரோட உங்களக் கம்பேர் பண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

தண்டபாணி எழுந்தான். "ஐ ஆம் ஸ்ட்ராங்கர் தேன் மை பிரதர். மை பிரதர் இஸ் வீக்கர் தேன் மீ."

இலக்கணம் சுத்தம். நான், மடையன், "சபாஷ்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னாடா சொன்ன?" ராமலிங்கம் பெஞ்சை எட்டி உதைத்தான். "அப்பன்கிட்டயும் இதத்தான் சொல்லிகினு கெடக்கிறியா?"

"ஆமா. ஒன்னால மைன்ஸ்ல ஒரு ஷிப்டு நிக்க முடியுமா?"

அண்ணன் விட்ட அறையில் தம்பி அடுப்போரம் போய் விழுந்தான். கைக்குக் கிடைத்த இரும்பு இடுக்கியை எடுத்து அண்ணனின் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடி நெற்றியில். நான் குறுக்கே பாய்ந்தேன் என்று சொல்ல ஆசைதான். பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். நாலு பேர் சேர்ந்து தம்பியை அமுக்கினார்கள். ராமலிங்கம் ரத்தத்தைக்கூடத் துடைக்காமல், "கை போச்சே சார்" என்றான்.

கை சரியாகக் கூடவில்லை, வேலைக்கான மெடிக்கல் டெஸ்டில் அண்ணனைக் கழித்துவிட்டார்கள். தம்பி மேல் போலீஸ் கேஸ். வேலையை அப்பா, மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தார்.

நான் வகுப்பை அன்றோடு மூடினேன். சில வருஷம் கழித்து, கான்ட்ராக்ட் லாரி ஒன்றில் இருவரும் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தேன். தம்பி கீழிருந்து மூட்டையைத் தூக்கிவிட, அண்ணன் மேலே நின்று இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தான். மூட்டை கை மாறும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஊருக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை சுரங்கப் பள்ளம். "ராமலிங்கம், தண்டபாணி வீட்டு நிலம் எங்கங்க இருந்துச்சி?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்து, பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினார். "தோ, அங்கங்க."